எதிர்காற்றே நமக்கு மலை
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

என்னோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்து இன்றைக்கு முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, தம்பி தங்கையரே,

நான் இயந்திரவியல் துறை, 2009-ஆம் ஆண்டு வகுப்பு. சங்கச் செயலாளர் போன் செய்து, "வேலையைப் பற்றிப் பேச வேண்டாம்ப்பா, அதைத்தான் எல்லாரும் பேசறாங்க. உன் சைக்கிளைப் பற்றிப் பேசு" என்றார். அதனால் இரண்டு தோல்விகளையும் ஒரு வெற்றியையும் பற்றிப் பேசப் போகிறேன். தோல்விதான் கூடுதல் நேரம் எடுக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரெவே என்று ஒரு நெடுந்தூர சைக்கிள் சவாரி இருக்கிறது. பந்தயம் அல்ல, முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. 200 கி.மீ. தூரத்தை 13½ மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. வழியில் பஞ்சர் ஆனால் நாமே ஒட்டணும், பசித்தால் நாமே வாங்கிச் சாப்பிடணும். சாப்பாடு, தூக்கம், மழை எல்லாம் அந்த நேரத்துக்குள்ளேதான். ஒரே பருவத்தில் இந்த நான்கையும் முடித்தவரை சூப்பர் ராண்டோனர் என்பார்கள்.

இதற்கெல்லாம் தாய்வீடு பிரான்ஸ். பாரிஸிலிருந்து கடற்கரை ஊரான பிரெஸ்ட் வரை போய்த் திரும்பும் 1200 கி.மீ. சவாரி 1891-இல் தொடங்கியது. இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. 90 மணி நேரம்தான் உச்ச வரம்பு. 2007-இல் அங்கே நாள்கணக்கில் மழை. கிளம்பியவர்களில் ஏறத்தாழ பத்துக்கு மூன்று பேர் முடிக்க முடியவில்லை. அடுத்தது 2027-இல். அங்கே போக வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் நான் ராயபுரத்துக்காரன். எங்கள் தெருவில் வேகத்தடைதான் மலை! இங்கிருந்து எண்ணூர் வரை கடலோரமாகப் போனால் சாலை தட்டையாகவே கிடக்கும். அதில் வாராவாரம் ஓட்டிவிட்டு, 'நமக்குக் கால் பலம் வந்தாச்சு' என்று நினைத்துக்கொண்டு 2022 நவம்பரில் முதல் 600-க்குக் கிளம்பினேன்.

ஏலகிரி மலைப்பாதை வரும்போது இருட்டிவிட்டது. மழை. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். பாதியில் இறங்கித் தள்ளினேன். மேலே போய்ச் சேர்ந்தேன். அது பெரிய விஷயமில்லை. இறங்கும்போதுதான் சோதனை. நனைந்த சக்கரத்தில் பிரேக் பிடிக்க மறுக்கிறது. விரல்கள் விறைத்துப் போய் பிரேக்கை அழுத்தவே முடியவில்லை. சென்னைக்காரனுக்குக் குளிர் என்ன தெரியும்? அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தவன், அங்கேயே முடித்துக்கொண்டேன். ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் ஏறி வீட்டுக்கு வந்தேன். கேட்டவர்களிடமெல்லாம் "மழை கெடுத்துடுச்சு" என்றேன்.

தொழிற்சாலையில் ஒரு இயந்திரம் நின்றுபோனால் ஏன் நின்றது என்று எழுதச் சொல்வார்கள். ஒருநாள் உட்கார்ந்து எனக்கே அப்படி ஒரு அறிக்கை எழுதினேன். மழை என்ற சொல் அதில் வரவே இல்லை. ஒன்று, மெதுவாக, உட்கார்ந்தபடியே, மணிக்கணக்கில் அழுத்தி மிதிக்க என் கால்கள் பழகவில்லை. இரண்டு, தேய்ந்த பிரேக் கட்டையை மாற்றாமல் போனேன். மூன்று, இறக்கத்துக்கு என்று ஒரு காய்ந்த சட்டை கையில் இல்லை. மூன்றுமே வீட்டிலிருந்து கிளம்பும்போதே என்னோடு இருந்த குறைகள்.

சரி, ராயபுரத்தில் மலைக்கு எங்கே போவது? நம் பேராசிரியர்கள் சொல்லிக்கொடுத்த கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நானும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ. மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், இரண்டு கிலோ எடையை யாரோ பின்னால் கட்டி இழுத்த மாதிரி. 2½ விழுக்காடு ஏற்றத்தில் ஏறுவதும் ஏறத்தாழ அதே பாரம்தான்! அப்புறம் என்ன? நவம்பரில் வாடைக்காற்று, எண்ணூருக்குப் போகும்போது மலை. கோடையில் மாலைநேரக் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வரும்; திரும்பும்போது மலை. இரண்டு பருவமும் ஓசியில் கிடைக்கிறது.

காற்று மட்டும் போதாது. ஞாயிறு விடிகாலையில் ஒரு மேம்பாலத்தில் ஏறி இறங்குவேன், நாற்பது தடவை, ஐம்பது தடவை. அங்கே நின்ற போலீஸ்காரர் ஒருநாள், "எதையாவது தொலைச்சிட்டியா தம்பி?" என்று கேட்டார். பிரெஸ்ட் வழியில் பெரிய மலை கிடையாது. சின்னச் சின்ன மேடுகள் ஓயாமல் வந்து, மொத்த ஏற்றம் 11,000 மீட்டரைத் தாண்டிவிடும், எவரெஸ்ட் உயரத்தைவிட அதிகம். கிலோமீட்டருக்கு ஒரு மேம்பாலத்துக்கு மேல் வருகிறது. ஆகவே நான் செய்தது பைத்தியக்காரத்தனம் இல்லை என்பதைப் போலீஸ்காரருக்குப் பதிலாக உங்களிடம் தெரிவித்துக்கொள்கிறேன்.

மழையிலும் பழகினேன். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தேன், மட்கார்டு போட்டேன், பிரேக்கை முன்கூட்டியே லேசாகத் தொட்டு சக்கரத்தின் ஈரத்தைத் துடைக்கக் கற்றேன். இறக்கத்துக்கு முன் சட்டைக்குள் செய்தித்தாளை மடித்து வைத்தால் நெஞ்சில் குளிர் ஏறாது. உப்புக்காற்றில் செயின் துருப்பிடிக்கும் என்பதால் வந்தவுடன் துடைத்து எண்ணெய் விட்டுவிட்டுத்தான் காபி.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலைக்கு மூன்று ஷிப்டும் சைக்கிளில் போனவர். நான் மழையில் கிளம்புவதைப் பார்த்து ஒருநாள் சொன்னார்: "டேய், மழைன்னு ஷிப்டு லீவு விடாது. நானும் போயிருக்கேன். ஆனா தண்ணி நிக்கிற எடத்துல தரை தெரியலைன்னா எறங்கிடு. டிரெய்லருக்கு இடப்பக்கம் சந்துல பூராதே. அதுல ஒண்ணும் மானம் போயிடாது."

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தப் பேச்சின் அர்த்தம் புரிந்தது. எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் புகுந்தது; மீனவர்களின் படகும் வலையும் பாழாயின. அவர்கள் யாரும் கெட்ட வானிலையைத் தேடிப் போனவர்கள் இல்லை. சில வாரங்கள் நான் அந்தச் சாலையில் பயிற்சிக்குப் போகவில்லை. மனம் வரவில்லை.

2024-இல் இரண்டாவது முறை 600-க்குப் போனேன். மலையை உட்கார்ந்தபடியே ஏறி, நடுங்காமல் இறங்கினேன். 410-ஆவது கிலோமீட்டரில் ஒரு தரைப்பாலம், மேலே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நேரம் கையில் இருந்தது, காலில் தெம்பும் இருந்தது. தரை தெரியவில்லை. இறங்கிவிட்டேன். சுற்றுவழியில் போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது. பட்டியலில் அதுவும் 'முடிக்கவில்லை' என்றுதான் இருக்கிறது. முதல் தோல்வியை எல்லாரிடமும் மறைத்தேன். இதை அப்பாவிடம் நானே போய்ச் சொன்னேன். "சரியா செஞ்சே" என்றார். அடுத்த ஆண்டு மூன்றாவது முறை, 38 மணி 20 நிமிடத்தில் முடித்தேன். அந்த முறையும் மழைதான்.

தம்பி தங்கையரே, கஷ்டம் வேறு, ஆபத்து வேறு. மலையும் எதிர்காற்றும் கஷ்டம். அதற்கு உடம்பைப் பழக்கலாம். தரை தெரியாத தண்ணீர் ஆபத்து. அதற்குப் பயிற்சி கிடையாது, இறங்குவதுதான் வழி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு 1,200 கி.மீ.க்கும் மேல் ஆயிற்று. உங்களுக்கு ஒரு மாலைப்பொழுதில் சொல்லிவிட்டேன்.

வரும் ஞாயிறு காலை நாலரை மணிக்கு ராயபுரத்திலிருந்து எண்ணூருக்குக் கிளம்புகிறேன். வருகிறவர்கள் விளக்கும் ஹெல்மெட்டும் கொண்டு வாருங்கள். மலைக்கு நான் பொறுப்பு.