தை மாசத் தண்ணியை நம்பி பூப்பாத்தி போடாதீங்க!

(மார்கழி மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாசம் மூணு குழுவில் ஒரே கேள்வி வந்தது. "சித்திரைக்கு பூ நல்லா விலை போகுதே, நாங்களும் பூப்பாத்தி போடலாமா? உள்கடன் தருவீங்களா?" என்று கேட்டாங்க. நல்ல யோசனைதான். சித்திரை, வைகாசியில் முகூர்த்தம் அதிகம், கோயில் திருவிழாவும் அதிகம். மதுரை சித்திரைத் திருவிழா நேரத்தில் நிலக்கோட்டை பூ மார்க்கெட் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

ஆனா பதில் சொல்றதுக்கு முன்னாடி, நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிடறேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு சகோதரி பொங்கல் முடிஞ்சு என்கிட்ட வந்தாங்க. பத்து சென்ட் நிலம் இருக்கு, கிணத்துல தண்ணி தளும்புது, செண்டுமல்லி போடலாமான்னு கேட்டாங்க. நானும் கிணத்தை எட்டிப் பார்த்தேன். தண்ணி கைக்கு எட்டுற மாதிரி இருந்தது. "தாராளமா போடுங்கக்கா"ன்னு சொல்லி, குழுவில் 10,000 ரூபாய் உள்கடனுக்கும் நானே பேசினேன். உழவு, எரு, நாற்று, நடவுக் கூலி என்று பணம் முழுக்க மண்ணில் போனது. பங்குனி பாதியில் கிணறு வத்திப் போச்சு. அந்த அக்கா பத்து நாள் குடத்தில் தூக்கி ஊத்தினாங்க. அப்புறம் முடியலை. மொட்டு வைக்கிற நேரத்தில் செடி கருகிடுச்சு. கடனை நூறு நாள் வேலைக் கூலியில்தான் கட்டி முடிச்சாங்க, 14 மாசம் ஆச்சு. ஒரு வார்த்தைகூட என்னைக் குறை சொல்லலை. அதுதான் இன்னும் எனக்கு உறுத்துது.

அன்னைக்கு நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "அக்கா, போன சித்திரையில் இந்தக் கிணத்துல எவ்வளவு தண்ணி இருந்துச்சு?"

கணக்கு இதுதான்

கோடையில் ஒரு சென்ட் பூப்பாத்திக்கு ஒரு நாளைக்கு சுமார் 200 லிட்டர் தண்ணி வேணும். நம்ம பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர்னா, 13, 14 குடம். பத்து சென்டுக்கு 130 குடத்துக்கு மேலே! யாரால தூக்க முடியும், சொல்லுங்க?

அதனால முதல் முறை போடுறவங்களுக்கு நான் சொல்றது கால் சென்ட்தான். பத்தடிக்குப் பதினோரு அடி பாத்தி. தினமும் நாலு குடம் தண்ணி போதும். அரிசி கழுவின தண்ணி, காய் கழுவின தண்ணியிலேயே ஒரு பங்கு வந்துடும். சோப்பு, சோடா கலந்த தண்ணி மட்டும் வேண்டாம்.

நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்க

செண்டுமல்லி நாற்று தயாராக ஒரு மாசம். நட்டு பூக்க சுமார் 60 நாள். சித்திரை முதல், இரண்டாம் வாரத்தில் பூ வேணும்னா மாசி முதல் வாரம் நடணும். அப்போ பொங்கல் முடிஞ்ச ஒரு வாரத்துக்குள் விதைக்கணும். பக்கத்து வீட்டுக்காரங்க நட்டதைப் பார்த்துட்டு பங்குனியில் நட்டா, பூ வர்றப்போ முகூர்த்தம் பாதி முடிஞ்சிருக்கும்.

பாத்தி போடும் முறை

* காலையிலிருந்து நல்ல வெயில் படுற இடமா பாருங்க. மரத்தடியில் செடி வளரும், பூ வராது.
* மண்வெட்டி ஆழத்துக்குக் கொத்தி, நல்லா மக்கின சாணி எரு 25 கிலோ கலக்கணும்.
* கோடைக்கு மேட்டுப்பாத்தி வேண்டாம். சுத்திலும் கரை அணைச்சு தாழ்வான பாத்தியா போட்டா தண்ணி வீணாகாது.
* வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒன்றே கால் அடி. சுமார் 60 செடி பிடிக்கும்.
* பாதி செண்டுமல்லி, மீதி வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் நடுங்க. இவை ரெண்டும் வெயில் தாங்கும். வாடாமல்லி அன்னைக்கே விக்கலைன்னாலும் கெட்டுப் போகாது.
* சாயங்காலம் நடுங்க. நட்டதும் தண்ணி, மூணாம் நாள் உயிர்த்தண்ணி. செடிக்கு அடியில் வைக்கோலோ சருகோ பரப்பி வைங்க.
* செண்டுமல்லி நட்டு ஒரு மாசத்தில் நுனியைக் கிள்ளி விடுங்க. மனசு வராதுதான். ஆனா கிள்ளினாத்தான் பக்கக் கிளை வெடிக்கும், பூ கூடும்.
* வெயில் ஏற ஏற இலைக்கு அடியில் செஞ்சிலந்திப் பேன் வரும். இலையைத் திருப்பிப் பாருங்க. ஆரம்பத்திலேயே தண்ணியை வேகமா அடிச்சுக் கழுவலாம்.
* மூணு நாளுக்கு ஒருமுறை விடியற்காலையில் பறிங்க. பறிக்கப் பறிக்கத்தான் பூக்கும்.

வீரிய ஒட்டு ரகப் பூவில் விதை எடுத்து அடுத்த வருஷம் போடாதீங்க. தாய்ச்செடி மாதிரி வராது.

லாபம் எவ்வளவு?

ஒளிவு மறைவில்லாமல் சொல்றேன். ஒரு செடிக்குக் கால் கிலோ என்று வச்சாலும், 60 செடியும் செண்டுமல்லியா இருந்தா 15 கிலோதான். அதுவும் ஒரே நாளில் வராது. முகூர்த்த நாளில் விலை ஏறும், மறுநாள் இறங்கும். இந்த 15 கிலோவை மார்க்கெட்டுக்குக் கொண்டு போனா பஸ் செலவும் கமிஷனும் போக மிஞ்சாது. ஊர்க் கோயிலுக்கும் பக்கத்தில் மாலை கட்டுறவங்களுக்கும் கொடுங்க.

அப்போ எதுக்கு இந்தப் பாத்தின்னு கேட்பீங்க. நாள், தண்ணி, செலவு, பறிச்ச எடை, வித்த விலை எல்லாத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்க. எழுதத் தெரியாதவங்க பிள்ளைகளை எழுதச் சொல்லுங்க. அந்த நோட்டுதான் முதல் வருஷ லாபம். அதைப் பார்த்துத்தான் அடுத்த வருஷம் ஒரு சென்டா, ரெண்டு சென்டா என்று முடிவு பண்ணணும். கால் சென்டுக்குக் கடனே வேண்டாம். நம்ம கையில் உள்ளதே போதும்.

இன்னொரு வேலையும் இருக்கு. வர்ற பங்குனிக் கடைசியில் கிணத்துக் கயிறை இறக்கி, தண்ணி தொடுற இடத்தில் ஒரு முடிச்சு போடுங்க. போர் வச்சிருக்கவங்க, மோட்டார் எத்தனை நிமிஷம் ஓடினதும் காத்து தள்ளுதுன்னு குறிச்சு வைங்க. அடுத்த தையில் பூப்பாத்திக்குக் கடன் கேட்டு வர்றப்போ, குழுத் தலைவி முதலில் அந்த முடிச்சைப் பற்றிக் கேட்கட்டும். இதை எல்லாக் குழுவும் தீர்மான நோட்டில் எழுதி வைக்கணும்னு கேட்டுக்கறேன்.

அந்த அக்கா இன்னைக்கும் பூப்பாத்தி வச்சிருக்காங்க. முக்கால் சென்ட். மேலே ஒரு அடிகூட கூட்ட மாட்டேங்கிறாங்க. "என் கிணத்தோட அளவு இவ்வளவுதான் கண்ணு"ன்னு சிரிக்கிறாங்க. உங்க கிணத்தோட அளவு என்னன்னு இந்த வருஷம் நீங்களும் தெரிஞ்சுக்குங்க.