வானூர்திக்கும் ஒரு முத்திரை
(ஆரியசாலையில் நிகழ்ந்த சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

வணிகம் தழைத்த இவ்வீதியில் வாழும் நமக்கு முத்திரையின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சாலைக் கடைவீதியில் உள்ள தராசும் எடைக்கல்லும் குறித்த காலத்திற்கு ஒருமுறை சோதிக்கப்பட்டு முத்திரை பெறுகின்றன. சென்ற முறை பெற்ற முத்திரை இம்முறைக்கு உதவாது. ஏனெனில் கல் தேயும், முள் சாயும். வானில் பறக்கும் ஊர்திக்கும் இந்நியதி உண்டு. அதிலும், ஒருவர் தம் கையாலேயே கட்டிய விமானத்திற்கு அம்முத்திரை எவ்வாறு கிட்டுகிறது என்பதே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

தொழிற்சாலையில் உருவாகும் விமானத்திற்கு முதலில் அதன் வரைபடமும் அமைப்பும் ஆராயப்பட்டு வகைச் சான்று வழங்கப்படுகிறது. பின்னர் அவ்வகையில் பிறக்கும் ஒவ்வொரு விமானமும் பறக்கும் தகுதிச் சான்றிதழ் பெறுகிறது. 1944-ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கையின்படி, உரிய தரத்தில் வழங்கப்பட்ட அச்சான்றிதழைப் பிற நாடுகளும் ஏற்கின்றன. ஆனால் வீட்டில் கட்டிய விமானத்திற்கு வகை ஏது? அது ஒற்றைப் பிள்ளை. ஆகவே அதற்குக் கிடைப்பது சான்றிதழ் அன்று. பறப்பதற்கான அனுமதிச் சீட்டே. அதில் நிபந்தனைகள் பல இருக்கும். கூலிக்கு ஆள் ஏற்றலாகாது என்பது போன்றவை அவை. எல்லை கடந்து செல்ல வேண்டின், அந்தந்த நாட்டின் இசைவு இருத்தல் வேண்டும்.

இத்துணைக் கட்டுப்பாடு எதற்கு என்று இளைஞர்கள் வினவலாம். 2025 ஜூன் 14 அன்று நம் நகர விமான நிலையத்தில் இறங்கிய பிரிட்டிஷ் போர் விமானத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். அது படைக்குரிய ஊர்தி. நாம் பேசும் அனுமதிச் சீட்டு அதற்குரியதன்று. ஆயினும் உலகமே பார்த்து நகைத்தபோதும், பழுது தீராமல் அதனை எவரும் பறக்கவிடவில்லை. ஜூலை 22 அன்றே அது புறப்பட்டது. வழியில் வண்டி நின்றால் ஓரமாக நிறுத்தலாம். வானத்தில் ஓரம் என்பது இல்லை. விழுகின்ற இடத்தில் இருப்பதோ விமானியின் வீடு அன்று, பிறருடைய வீடு.

இனி, திறமையின் பக்கத்தையும் நோக்குவோம். தொடுபுழையைச் சேர்ந்த சஜி தாமஸ் பேச்சும் செவிப்புலனும் இல்லாதவர். அவர் தம் முயற்சியால் அமைத்த சிறு விமானம் 2014-இல் நம்மவர் பலருக்குச் சொந்த மண்ணாகிய திருநெல்வேலிச் சீமையில், மணிமுத்தாறு அருகே பறந்தது. மும்பையில் விமானியாகிய அமோல் யாதவ், தாம் குடியிருந்த கட்டடத்தின் மொட்டைமாடியிலேயே ஆறு இருக்கைகள் கொண்ட விமானத்தை உருவாக்கினார். 2016-இல் அதனை மக்கள் கண்காட்சியில் கண்டு வியந்தனர். பதிவுச் சான்று 2017-இல் கிட்டியது; பறப்பதற்கான அனுமதியோ 2019-இல்தான் வந்தது. கட்டுவதற்குப் பட்ட பாட்டினும் காத்திருந்த பாடு சிறிதன்று.

ஆலப்புழையிலிருந்து இங்கிலாந்து சென்று வாழும் அசோக் தாமரக்ஷனின் கதை வேறு. பெருந்தொற்றுக் காலத்தில், தென்னாப்பிரிக்காவிலிருந்து உறுப்புகளாக வந்த நான்கு இருக்கை விமானத்தை ஏறத்தாழ பதினெட்டு மாதங்களில் இணைத்தார். அது 2022-இல் பறந்தது. அவ்விமானத்தில் தம் குடும்பத்தாருடன் ஐரோப்பிய நாடுகளுக்கும் சென்று வந்தார்.

இவ்விரண்டிற்கும் வேற்றுமை யாது? இங்கிலாந்தில் லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்னும் சங்கம் உள்ளது. விமானம் கட்டுவோரும் பறப்போரும் அதன் உறுப்பினர். கட்டத் தொடங்கும்போதே அதன் ஆய்வாளர் உடன் வருகிறார். மூடிவிட்டால் பின்னர்க் காண இயலாத இறக்கையின் உட்புறத்தை, மூடுமுன்பே பார்த்துக் கையெழுத்திடுகிறார். அடுத்து, சோதனைப் பறப்புக்கு மட்டும் ஓர் அனுமதி. அதில் தேறிய பின்னரே அனுமதிச் சீட்டு. சோதனை அங்கே குறைவன்று. அது காலத்தே நிகழ்கிறது, அவ்வளவே.

சீட்டுப் பெற்றதோடு கடமை தீர்வதில்லை. ஆண்டுதோறும் அதனைப் புதுப்பித்தல் வேண்டும். ஆய்வாளர் மீண்டும் வருவார். விமானம் மீண்டும் பறந்து காட்டப்படும். ரப்பர்க் குழாய் வெடிக்கும், கம்பி தளரும், உலோகம் ஓயாத அதிர்வினால் களைப்புற்று விரிசல் காணும். நம் நகரின் கடற்காற்றில் வீட்டு ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கிறதென்றால், மெல்லிய இறக்கைத் தகட்டைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? உரிமையாளர் ஓர் உறுப்பை மாற்றினால், அம்மாற்றமும் ஏட்டில் ஏறி, ஒப்புதல் பெறுதல் வேண்டும்.

நம் நாட்டில் 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் இடத்தில் பாரதீய வாயுயான் அதினியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. சட்டம் புதிது, நடைமுறையும் புதுமை பெற வேண்டும் என்பது நம் விருப்பம். சோதனையைத் தளர்த்துங்கள் என நாம் கேட்கவில்லை. கட்டி முடித்தவனை ஆண்டுக்கணக்கில் வாயிலில் நிறுத்தாமல், கட்டுகின்ற நாளிலேயே உடன் நின்று சோதியுங்கள் என்றே கேட்கிறோம்.

இளைஞர்களே! உங்களில் எவரேனும் இத்தகைய முயற்சியில் இறங்கினால், முதல் ஆணி அடிக்குமுன் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகளைப் படியுங்கள். செய்த வேலையைத் தேதியிட்டு ஏட்டில் எழுதுங்கள். படம் எடுத்து வையுங்கள். பெற்றோர்களே! பிள்ளையின் ஆசையை வீண் வேலை என்று ஒடுக்காதீர்கள். அனுமதியின்றிப் பறக்கவும் இசையாதீர்கள். அளவு பிசகாத கடைக்கே ஊரார் மீண்டும் வருவர். அந்நேர்மையே வானத்திலும் நம் மக்களுக்குத் துணையாகுக!