அஜெண்டாவின் கடைசிப் பக்கம்



பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டின் கூட்டம் செய்தித்தாளில் எப்போது வருகிறது? துணைவேந்தரோடு உறுப்பினர்கள் மோதினால் வரும். யாராவது வெளிநடப்பு செய்தால் வரும். நூலகத்துக்கு அலமாரி வாங்கத் தீர்மானம் போட்டால் வராது. பதிப்புத் துறையின் பழைய நூலை மறுஅச்சு போட அனுமதி கொடுத்தாலும் வராது. அந்தப் பொருள்களெல்லாம் அஜெண்டாவின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். வடையும் காபியும் வந்து, ஊருக்குப் போக வேண்டியவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிற வேளையில் பதிவாளர் படிப்பார்; “அங்கீகரிக்கப்பட்டது” என்று முடித்துவிடுவார்கள். நான் இன்று பேச வந்தது அந்தக் கடைசிப் பக்கத்தைப் பற்றி.

1913-ஆம் ஆண்டுக்கு வாருங்கள். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா. பெயர் ராமானுஜன். கேம்பிரிட்ஜிலிருந்து கணித அறிஞர் ஹார்டியின் கடிதம் வந்தாகிவிட்டது. மார்ச் 19-ஆம் தேதி சென்னைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பாடக்குழு கூடி, இவருக்கு மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்கலாம் என்று பரிந்துரை செய்தது. பரிந்துரை சிண்டிகேட்டுக்குப் போனது. அங்கே விதி குறுக்கே நின்றது. அந்த உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்குத்தான். இவரோ எஃப்.ஏ. பரீட்சையிலேயே தேறாதவர்.

இந்த இடத்தில் கோப்பைத் திருப்பி அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. விதி அப்படி, கையெழுத்துப் போட்டவர் பத்திரமாக வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் சிண்டிகேட்டில் ஒரு நீதிபதி இருந்தார். சட்டம் தெரிந்தவர். பல்கலைக்கழகச் சட்டத்தையே எடுத்துக் காட்டினார். ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் நோக்கங்களில் ஒன்று என்று சட்டமே சொல்லும்போது நாம் போட்ட உபவிதி அதை எப்படித் தடுக்கும் என்று வாதாடினார். ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. அந்த 75 ரூபாய், ராமானுஜனைக் குமாஸ்தா நாற்காலியிலிருந்து எழுப்பியது.

1904-ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டத்தில் மூன்றாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஆராய்ச்சியை வளர்ப்பதும், நூலகம் கட்டிப் பராமரிப்பதும் அந்த ஒரே பிரிவில்தான் வருகின்றன. அதற்கு முன் நம் பல்கலைக்கழகங்கள் முக்கியமாகப் பரீட்சை நடத்திப் பட்டம் கொடுக்கிற அலுவலகங்கள். நூலகமும் ஆராய்ச்சியும் சட்டப்படி ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தன. பின்னால் வந்தவர்கள்தான் ஒன்றைக் கூடத்திலும் மற்றதைக் கொல்லையிலும் வைத்தார்கள்.

அடுத்தது நூலகம். 1924 ஜனவரியில் மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக வருகிறார். அவர்தான் எஸ்.ஆர். ரங்கநாதன். வந்தவருக்கு வேலை பிடிக்கவில்லை. திரும்பக் கல்லூரிக்கே போய்விடுகிறேன் என்றார். முதலில் லண்டன் போய் நூலகத் துறையைப் படித்துவிட்டு வரட்டும் என்று அனுப்பினார்கள். அனுபவமில்லாத ஒருவரை வேலைக்கு எடுத்து, எடுத்த வருடமே கப்பலேற்றிப் படிக்க அனுப்பிய நிர்வாகம் அது! போனவர் மனம் மாறித் திரும்பினார். 1931-இல் ‘நூலகவியலின் ஐந்து விதிகள்’ வந்தது. 1933-இல் கோலன் பகுப்புமுறை வந்தது. 1936-இல் கடற்கரைச் சாலையில் நூலகத்துக்குத் தனிக் கட்டடம் எழுந்தது.

ரங்கநாதன் இங்கிலாந்தில் இருந்தபோது ஹார்டி தம்மிடமிருந்த ராமானுஜனின் முதல் நோட்டுப் புத்தகத்தை, சென்னை நூலகத்தில் சேர்த்துவிடுங்கள் என்று அவர் கையில் கொடுத்தார். அதன் பிறகு சென்னையில் ராமானுஜனின் மூன்று நோட்டுகளுக்கும் கையாலேயே பிரதி எடுத்தார்கள்.

இங்கே நான் பாராட்டுப் பத்திரத்தை மடித்து வைக்க வேண்டியிருக்கிறது. உதவித்தொகை வாங்கியபோது ராமானுஜன் மூன்று காலாண்டு அறிக்கைகளைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அவற்றின் மூலத்தாள்கள் இன்று இல்லை. 1925-இல் எடுத்த கைப்பிரதிதான் மிஞ்சியது. 1923-இல் பதிவாளர் டியூஸ்பரி ராமானுஜனின் தாள்களைக் கட்டி ஹார்டிக்கு அனுப்பினார். 1976-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த ‘தொலைந்த நோட்டுப் புத்தகம்’ அந்தக் கட்டில் போனதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கையில் இருந்த நோட்டுகளையாவது சென்னை அச்சிட்டதா? 1957-இல் அவற்றை நிழற்படப் பதிப்பாக வெளியிட்டது பம்பாயின் டாடா ஆராய்ச்சி நிறுவனம். ராமானுஜன் இறந்து 37 ஆண்டு கழித்து!

அச்சு விஷயத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத் துணிச்சலே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. அதே பல்கலைக்கழகம்தான் தமிழ்ப் பேரகராதியைக் கொண்டுவந்தது. 1913-இல் சாண்ட்லர் பாதிரியார் மதுரையில் வேலையைத் தொடங்கினார். ஒரு லட்ச ரூபாயில் முடியும் என்பது மதிப்பீடு. முதல் பகுதி அச்சாகி வரவே 1924 ஆகிவிட்டது. சாண்ட்லருக்குப் பின் சி.பி. வேங்கடராம ஐயர், 1926 முதல் எஸ். வையாபுரிப் பிள்ளை. ஆறு தொகுதிகளும் 1936-இல் முடிந்தன. அனுபந்தம் 1939-இல் வந்தது. ஒரு லட்சத்து நான்காயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள், அனுபந்தத்தில் பதின்மூன்றாயிரத்துக்கு மேல். செலவு ஏறக்குறைய 4,10,000 ரூபாய்.

மதிப்பீட்டைப் போல நான்கு மடங்கு! இன்று ஒரு பதிப்புத் துறை இப்படிக் கணக்குக் காட்டினால் தணிக்கைக்காரர் விடுவாரா? அடுத்த கூட்டத்திலேயே திட்டம் கைவிடப்படும். அச்சான பகுதிகள் கிடங்கில் கரையான் தின்னும். அன்று இருந்தவர்கள் வருடா வருடம் அந்தப் பொருளை எடுத்து, வருடா வருடம் பணம் ஒதுக்கினார்கள். அதைப் பெரிய மனம் என்று சொல்ல மாட்டேன், அது பொறுமை. ஆட்சிக்குழுவுக்கு அறிவாளிகளை விடப் பொறுமைசாலிகள் முக்கியம் என்பது என் கட்சி. நம் பல்கலைக்கழகங்களில் மூன்று ஆண்டுக்கு ஒரு துணைவேந்தர் மாறும்போது பதினைந்து ஆண்டு எடுக்கும் பதிப்பு வேலையை யார் தோளில் வைப்பது? அதற்குத்தான் குழு. ஆள் போனாலும் தீர்மானப் புத்தகம் இருக்கும்.

இருக்க வேண்டும். இன்று நூலகர் ஓய்வு பெற்றால் அந்த நாற்காலியில் ‘பொறுப்பு’ என்று ஒருவரை உட்காரவைக்கிறோம். பொறுப்பு நூலகர் எந்தப் புத்தகத்துக்குப் பொறுப்பேற்பார்? ஆய்விதழ்ச் சந்தா நின்றது என்று மாணவர் சொல்லித்தான் தெரிகிறது. பதிப்புத் துறை என்ற பலகை தொங்குகிற அறையில் விடைத்தாள் கட்டு அடுக்கியிருக்கிறார்கள். கேட்டால் நிதி இல்லை என்பார்கள். நிதி இல்லாதது உண்மைதான். ஆனால் குறைந்த நிதியில் எதை முதலில் வெட்டுவது என்பதும் ஒரு தீர்மானம்தானே? அதை யார் போட்டார்கள், என்றைக்குப் போட்டார்கள், எதிர்த்து யாராவது ஒரு வார்த்தை பேசினார்களா? நமக்குத் தெரிய வேண்டும்.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நான்காவது பிரிவில், ஒவ்வொரு பொது நிறுவனமும் தன் குழுக்கள் எவை, அவற்றின் நடவடிக்கைக் குறிப்புகளைப் பொதுமக்கள் பார்க்க முடியுமா என்பதைத் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது.

ஆசிரியர்களே, ஆய்வு மாணவர்களே, இந்த மண்டபத்தில் இருக்கிற முன்னாள் செனட் உறுப்பினர்களே, உங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் பல்கலைக்கழகத்தின் கடந்த ஐந்து ஆண்டு சிண்டிகேட் குறிப்புகளைக் கேட்டு விண்ணப்பம் எழுதுங்கள். வந்ததும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள். நூலகத்தைப் பற்றியும் பதிப்பைப் பற்றியும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, அடுத்த செனட் கூட்டத்தில் அதைக் கேள்வியாக எழுப்புங்கள்.