வேட்டைக்காரனின் சட்டை

வட கனடாவின் கடல் உறைந்து கல்லாகிக் கிடக்கும் மார்கழி, தை மாதங்களில், சூரியன் தலைகாட்டாத அந்த அரையிருளில், பனிக்கட்டியின் மீது ஒரு மனிதன் இடுப்பை வளைத்துக் குனிந்தபடி நிற்பதாக மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அவன் காலடியில், மேலே படிந்த பனி மூடியிருப்பதால் நம் கண்ணுக்குப் புலப்படாததும் அவனுடைய நாயின் மூக்குக்கு மட்டுமே புலப்பட்டதுமான ஒரு சிறு துவாரம் இருக்கிறது. சீல் என்றும் கடல்நாய் என்றும் நாம் சொல்லும் பிராணி, தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்து மூச்சு விடுவதற்காகத் தன் நகங்களாலேயே சுரண்டிச் சுரண்டி, குளிர்காலம் முழுவதும் அடைபடாமல் காத்துவரும் துவாரம் அது. ஒரு சீலுக்கு இப்படிப் பல துவாரங்கள் உண்டு. எந்த வேளையில் எந்தத் துவாரத்தை நாடும் என்பது அதற்கே தெரிந்த ரகசியம். காலடியிலுள்ள அந்தத் துவாரத்துக்குள் மெல்லிய எலும்புக் குச்சி ஒன்றைச் செருகிவிட்டு, அந்தக் குச்சி அசையும் கணத்தில் எறியீட்டியைப் பாய்ச்ச வேண்டுமென்று அவன் காத்திருக்கிறான். ஒரு மணி நேரமாகலாம், ஐந்து மணி நேரமாகலாம், அன்றைய பொழுது முழுவதுமே வீணாகலாம். குளிரோ பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி, 40 டிகிரி. (சென்டிகிரேட்டா, பாரன்ஹீட்டா என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை, பூஜ்யத்துக்குக் கீழே நாற்பதில் அவ்விரண்டு அளவைகளும் தம் வழக்கைத் தீர்த்துக்கொண்டு ஒன்றாகிவிடுகின்றன.) காலை உதைத்துக்கொள்ளவோ, கையைத் தேய்த்துக்கொள்ளவோ அவனுக்கு வழியில்லை. பனிக்கட்டி சின்னஞ்சிறு ஓசையையும் கீழே கடலுக்குள் கொண்டுசேர்த்துவிடும். சீல் வேறு துவாரத்துக்குப் போய்விடும். ஆகையால்தான் அவன் மயிரடர்ந்த தோல் துண்டு ஒன்றைக் கீழே விரித்து, அதன் மேல் நிற்கிறான்.

இம்மனிதன் அந்தக் காலத்து இனுயிட் இனத்தவன். நம் பள்ளிப் புத்தகங்கள் எஸ்கிமோ என்று சொல்லிக் கொடுத்தனவே, அந்த மக்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் இனுயிட் என்பது. அதற்கு ‘மனிதர்கள்’ என்றே அர்த்தம். அவன் என்ன உடுத்தியிருக்கிறான், ஏன் அதை உடுத்தியிருக்கிறான் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். குளிர்ப் பிரதேசத்து வேட்டைக்கு உடை தெரிந்தெடுப்பது எப்படி என்று இன்றைக்கு ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கும் கடைக்காரர்கள் சொல்லும் உபதேசங்களையெல்லாம், அந்தச் சட்டை அவர்களுக்கு முன்பே சொல்லி முடித்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

அது காரிபூ என்னும் துருவ மானின் தோலால் ஆனது. இந்த மானின் மயிர் ஒவ்வொன்றும் உள்ளே நுண்ணிய காற்றறைகள் நிறைந்தது. மயிருக்கும் மயிருக்கும் இடையிலும் காற்று அசையாமல் தங்கி நிற்கிறது. அசையாத காற்றைப் போல உஷ்ணத்தைக் காத்துக்கொடுக்கும் பொருள் மிக அபூர்வம். கம்பளியும் பஞ்சும் பறவை இறகும் நம்மைச் சூடாக வைப்பதும் காற்றைப் பிடித்து வைப்பதனால்தானே ஒழிய, அவற்றுக்கென்று சொந்தமாக நெருப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் காரிபூத் தோல் என்ற மாத்திரத்தில் எல்லாத் தோலும் ஒன்றாகிவிடாது. கோடையின் தொடக்கத்தில் கொன்ற மானின் முதுகு, தோலுக்குள் வளர்ந்த ஒரு வகை ஈயின் புழுக்கள் துளைத்து வெளியேறிய ஓட்டைகளால் சல்லடையாக இருக்கும். நடுக் குளிர்காலத்து மானுக்கோ மயிர் மிக நீண்டு, தடித்து, எளிதில் ஒடிந்து உதிரும். புழுத் துளைகள் ஆறி, புது மயிர் அளவாக வளர்ந்திருக்கும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் கிடைக்கும் தோல்தான் சட்டைக்கு உகந்தது. ஓர் ஆடவனைத் தலை முதல் கால் வரை மூட அப்படிப்பட்ட தோல்கள் ஆறேழாவது தேவைப்படும். ஆகவே, தை மாதத்தில் சீல் வேட்டைக்குப் போக வேண்டியவன் ஆவணியிலேயே மான் வேட்டையை முடித்திருக்க வேண்டும். வேட்டைக்குச் சட்டை வேண்டும், சட்டைக்கோ முதலில் வேட்டை வேண்டும்.

சட்டை ஒன்றன்று, இரண்டு. உள்ளே போடுவதில் மயிர் உடம்பைத் தொடும். வெளியே போடுவதில் மயிர் வெளிப்புறம் பார்க்கும். இரண்டுமே தொளதொளவென்று இருக்கும். பொத்தானோ முன்பக்கத் திறப்போ இல்லாமல், தலைவழியே மாட்டிக்கொள்ளும்படி தைக்கப்பட்டவை. இந்தத் தொளதொளப்பை முதலில் பார்த்த வெள்ளைக்காரர் சிலருக்கு நாகரிகக் குறைவாகத் தோன்றியிருக்கலாம். அதில்தான் சூட்சுமமே அடங்கியிருக்கிறது. உடம்பில் பிறக்கும் சூடு மேல்நோக்கியே செல்வதால், சட்டையோடு இணைந்த தொப்பியைக் கழுத்தோடு இறுக்கிவைத்தால் அது சட்டைக்குள்ளேயே நிற்கும். தொப்பியைப் பின்னே தள்ளிக் கழுத்தைத் தளர்த்தினால் அடுக்களைப் புகைபோக்கி வழியே புகை போவது போல வெளியேறிவிடும். ஓடும்போது தளர்த்து, நிற்கும்போது இறுக்கு: வேறு விசை எதுவும் அந்தச் சட்டைக்கு வேண்டியதில்லை.

இப்படித் தளர்த்துவது எதற்காக என்று கேட்டால், இன்றைய உரையின் உயிர்நாடியான விஷயத்துக்கு வந்துவிடுகிறோம். கடுங்குளிரில் வேட்டைக்காரனுடைய சத்துரு குளிர் என்றே நாம் எண்ணுகிறோம். அனுபவசாலிகள் அப்படிச் சொல்வதில்லை. வியர்வைதான் சத்துரு என்கிறார்கள். நீர், காற்றைக் காட்டிலும் 20 மடங்குக்கும் மேல் விரைவாக உஷ்ணத்தைக் கடத்திவிடும். ஆகவே நனைந்த சட்டை, இல்லாத சட்டையினும் சற்றே மேலானது, அவ்வளவுதான். நம் ஊரில் ரப்பர் மழைக்கோட்டு அணிந்து மேட்டில் சைக்கிள் மிதித்தவர்கள், வெளியே பெய்த மழைக்குத் தப்பி உள்ளே பெய்த மழையில் நனைந்த கதையைத் தாங்களே அறிவார்கள். நமக்கு அதனால் வரக்கூடியது அதிகமானால் ஒரு ஜலதோஷம். துருவத்தில் அந்த ஈரம் உறைந்துபோகும்.

எப்படி உறையும் என்பதற்கு ஒரு சாட்சியம் உண்டு. 1911ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில், அண்டார்க்டிகாவின் நடுக் குளிர்காலத்து இருட்டில், தென் துருவத்தை எட்டவந்த ஸ்காட் தளபதியின் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-கெரார்டு ஆகிய மூவர், எம்பெரர் பென்குயினின் முட்டைகளைத் தேடிக் கிரோசியர் முனைக்குப் புறப்பட்டார்கள். வேட்டையாடியது முட்டையைத்தான் என்றாலும், உடை விஷயத்தில் அதைவிடக் கடுமையான பரீட்சையைக் கேட்டதில்லை. தாங்களே பாரவண்டியை இழுத்ததால் வியர்த்தார்கள். வியர்வை கம்பளிக்குள் ஏறி உறைந்தது. இரவில் படுக்கைப் பைக்குள் சென்றதும் உருகியது. காலையில் மறுபடியும் உறைந்தது. ஒரு நாள் காலை செர்ரி-கெரார்டு கூடாரத்துக்கு வெளியே வந்து தலையை நிமிர்த்திச் சுற்றுமுற்றும் பார்த்தார். பதினைந்து விநாடி சென்றிருக்கும்; திரும்பக் குனிய முயன்றபோது கழுத்து அசையவில்லை. சட்டை அப்படியே விறைத்துவிட்டது. அண்ணாந்த தலையோடு நான்கு மணி நேரம் வண்டியிழுத்ததாக, 1922இல் வெளியான தம் பிரயாண நூலில் அவரே எழுதியிருக்கிறார். பயணம் முடிந்து திரும்பியபோது படுக்கைப் பைகளின் எடை இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. கூடியதெல்லாம் அவர்களுடைய வியர்வையும் மூச்சுமே.

இந்த இடத்தில் ஸ்காட்டைப் பழித்து, அவருக்கு ஒரு மாதம் முன்னதாக, 1911 டிசம்பர் 14ஆம் தேதி, தென் துருவத்தை அடைந்த ஆமுண்ட்சனைப் புகழ்வது வழக்கம். ஆமுண்ட்சன் 1903 முதல் 1905 வரை இரண்டு குளிர்காலங்களைக் கிங் வில்லியம் தீவில் கழித்து, நான் முதலில் சொன்ன சீல் வேட்டைக்காரர்களாகிய நெட்சிலிக் மக்களிடம் பண்டமாற்றாகத் தோலாடைகளை வாங்கி, உடுத்தும் முறையையும் பாடம் கேட்டுக்கொண்டவர். அந்தப் பணிவை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆயினும் நியாயம் ஒன்று சொல்லியாக வேண்டும்: ஆமுண்ட்சனுடைய வண்டிகளை நாய்கள் இழுத்தன, ஸ்காட்டின் வண்டிகளைப் பெரும்பாலும் மனிதர்களே இழுத்தார்கள். மார்பில் வாரைக் கட்டி நாள் முழுவதும் பாரம் இழுப்பவன் இரட்டைத் தோல் சட்டை போட்டிருந்தால் தன் வியர்வையிலேயே மூழ்கியிருப்பான். ஸ்காட்டின் ஆட்கள் உடுத்திய கம்பளியும், அதற்குமேல் நூலையே முன்னதாக நீர் ஒட்டாதபடி பதப்படுத்தி நெருக்கமாக நெய்து, 1879இல் தாமஸ் பர்பரி உண்டாக்கிய காபர்டீன் துணியும் அவர்கள் வேலைக்கு அத்தனை பொருந்தாதவை அல்ல. ஆமுண்ட்சனின் ஆட்களும் வெயில் ஏறிய நாட்களில் தோலைக் களைந்துவிட்டு லேசான காற்றுத்தடுப்பு உடையில் பனிச்சறுக்கிச் சென்றவர்கள்தாம். உடையைத் தெரிந்தெடுக்கும்போது தேசத்தின் சீதோஷ்ணத்தைக் கேட்பதற்கு முன், அதை உடுத்துபவன் அங்கே செய்யப்போகும் வேலையைக் கேட்க வேண்டும்.

வேட்டைக்காரன் செய்யும் வேலைகளோ இரண்டு; அவை ஒன்றுக்கொன்று பரம விரோதமானவை. பாரத்தைச் சுமந்து மேடேறும்போது அவன் கொல்லனுடைய உலை. மிருகத்துக்காகக் காத்து அமர்ந்ததும் அவன் கோயில் கல். நடப்பதற்குத் தக்கபடி உடுத்தினால் அமர்ந்ததும் நடுங்குவான். அமர்வதற்குத் தக்கபடி உடுத்தினால் நடந்து போய்ச் சேருமுன் நனைந்திருப்பான். இக்காலத்து அனுபவஸ்தர்கள் இதற்குச் செய்யும் பரிகாரம் எளியது. உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி. அதன் மேல் காற்றைத் தேக்கும் ஒரு தடித்த சட்டை. அதற்கும் மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் ஓடு. இவற்றில் தடித்ததை முதுகுப் பையில் கட்டிக்கொண்டு, சற்றே குளிரக் குளிர நடந்து, போய்ச் சேர்ந்து, வியர்வை ஆறிய பிற்பாடு எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். புறப்படும்போதே கதகதப்பாக இருந்தால் அளவுக்கு மீறி உடுத்தியிருக்கிறோம் என்பது அவர்கள் கணக்கு. பருத்தியைப் பக்கத்திலேயே சேர்ப்பதில்லை. நம் சீமையில் வியர்வையை உறிஞ்சிக் குளிர்ச்சி தருவதற்காக நாம் கொண்டாடும் அதே குணம் அங்கே ஆளைக் கொல்லும். கம்பளிக்கோ தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும், நனைந்ததாகக் காட்டிக்கொள்ளாத பெருந்தன்மை இருக்கிறது.

வெளி ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1969இல் அமெரிக்காவில் ராபர்ட் கோர் என்பவர், நம் வீட்டு நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசியிருக்கும் டெஃப்லான் என்ற அதே வஸ்துவைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது, அது அறுந்துபோவதற்குப் பதிலாக நுண்ணிய துவாரங்கள் மலிந்த ஒரு சவ்வாக நீண்டது. மழைத்துளி நுழைய முடியாததும் வியர்வையின் ஆவி வெளியேறக்கூடியதுமான கோர்-டெக்ஸ் துணி அதிலிருந்து பிறந்தது. நல்ல துணிதான், மழைக்கு அதைப் போல் உண்டா என்பார்கள். ஆனால் கடுங்குளிரில் ஆவி அந்தச் சவ்வை எட்டுமுன்னே உட்புறத்தில் உறைபனியாகப் படிந்துவிடுவது உண்டு. மேலும், அத்தகைய செயற்கைத் துணிகளில் பலவும் கையை வீசினால் விலாவில் பட்டுச் சரசரக்கும். அந்தச் சரசரப்பு மானின் காதுக்கு, நமக்குத் தமுக்கடித்தாற்போல. கடைகளில் துணியைத் தொட்டுப் பார்ப்பவர்கள் பலர், தடவிக் காது கொடுத்துக் கேட்பவர்கள் சிலர். வேட்டைக்காரன் இரண்டாவது வகையைச் சேர்ந்தவன். ஸ்காட்லாந்து மலைகளில் மான் தேடிப் போகிறவர்கள் இன்றைக்கும் ட்வீட் கம்பளியைக் கைவிடாததற்குப் பழைமைப் பற்று மட்டும் காரணமன்று. அது பேசாத துணி. காரிபூத் தோலும் அப்படியே. பனியில் உரசினாலும் பனி மேல் பனி விழுந்ததைப் போலவே இருக்கும்.

இவ்வளவு சொல்லியும், சட்டையைச் சிருஷ்டித்தவளை இன்னும் உங்களுக்கு அறிமுகம் செய்யவில்லை. அவள் வேட்டைக்காரனின் மனைவி, அல்லது தாய். மானின் முதுகுத் தசைநாரை உலர்த்தி, இழையிழையாகப் பிரித்து, அதையே நூலாகக் கொண்டாள். ஈரம் பட்டால் அந்நூல் உப்பி, ஊசித் துளையைத் தானே அடைத்துவிடும். தண்ணீரில் மிதிக்க வேண்டிய சீல்தோல் பூட்ஸை அவள் தைக்கும்போது, ஊசி தோலின் பாதிக் கனத்துக்குள் சென்று, மறுபக்கம் எட்டிப் பார்க்காமலே திரும்பிவிடும். நீர் புக ஒரு வழியும் இராது. மூச்சின் ஈரம் உறைந்து பிடிக்கும் தொப்பி ஓரத்துக்கு, உறைபனியைக் கையால் தட்டினால் உதிர்த்துவிடும் வுல்வரின் என்ற பிராணியின் மயிரை அவள் நாடினாள். ஒரு தையல் பிரிந்தால் ஒரு விரல் போகும் தேசத்தில், எறியீட்டிக்கு உரிய மதிப்பு அவள் ஊசிக்கும் உண்டு. காரிபூத் தோல் தையலையெல்லாம் உறைந்த கடலுக்குக் குடிபெயருமுன்பே முடித்தாக வேண்டும் என்று நெட்சிலிக் மக்களிடையே ஒரு விலக்கு இருந்தது. மீறினால் தெய்வ கோபம் என்று நம்பினார்கள். குளிர் வந்த பின் சட்டைக்கு அலைபவனைத் தெய்வம் கோபித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்!

அந்தக் காலத்தில் வேட்டை முடிந்து வருபவன், வாயிலிலேயே நின்று, அதற்கென்றே வைத்திருக்கும் தட்டுக்கோலால் சட்டையிலுள்ள பனியைத் துளி விடாமல் தட்டி உதிர்ப்பான். உள்ளே கொண்டுபோய் உருகவிட்டால் சட்டை கெட்டது. இரவு முழுவதும் அது குளிர்ந்த இடைகழியில்தான் கிடக்க வேண்டும். இந்தக் காலத்து இனுயிட் குடும்பங்கள் வெப்பக் குழாய் ஓடும் வீடுகளில் வசிக்கின்றன. ஊருக்குள் கடைச் சட்டையே போதுமானதாக இருக்கிறது. நெடுந்தூர வேட்டைக்குப் புறப்படுகிறவர்களில் சிலர் மட்டும் காரிபூச் சட்டையை இன்னும் தேடுகிறார்கள். வீட்டுச் சூட்டில் வைத்தால் தோல் வறண்டு மயிர் கொட்டிப்போகும் என்பதால், உலகத்திலேயே குளிர்ந்த ஊர்களில் ஒன்றில், கோடை கழியும் வரை அந்தச் சட்டை இறைச்சியோடு இறைச்சியாகக் குளிர்பெட்டிக்குள் மடித்துவைக்கப்பட்டிருக்கிறது.