புதினம் பயில ஐந்து கேள்விகள்



கல்லூரிகளில் புதினம் பாடமாக வைக்கப்படுகிறது. கதைக்கரு, பாத்திரப் படைப்பு, பின்புலம், நோக்குநிலை, உத்தி எனத் தலைப்புகள் தரப்படுகின்றன. மாணவர் உரைநூலைப் புரட்டி, தலைப்புக்குப் பத்து வரி எழுதித் தேறிவிடுகின்றனர். புதினத்தில் ஒரு பக்கம்கூடப் படியாமல் இது இயலும் என்பதே வருந்தத்தக்கது. கூறுகளின் பெயரை அறிந்தவர் பலர்; அவை இயங்குவதைக் கண்டவர் சிலர்.

இதற்கு மாற்றுவழி தமிழ் மரபிலேயே உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் 34 உறுப்புகளைத் தொகுத்துரைக்கிறது. அவற்றுள் அசை, சீர், அடி போன்றவை செய்யுளுக்கே உரியன. கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம் என்பனவோ எந்தக் கதைக்கும் பொருந்துவன. சொல்பவர் யார்? கேட்பவர் யார்? எங்கே? எப்போது? சொல்லாமல் விட்டது எது? அகப்பாடலில் ‘தலைவி கூற்றா, தோழி கூற்றா’ என்று கேட்கப் பழகிய மாணவர், புதினத்தின் முன் மட்டும் அக்கேள்வியை மறந்துவிடுகின்றனர்.

1966-இல் நூலாக வெளிவந்த சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யை எடுத்துக்கொள்ளலாம். ‘புளியமரம் எதன் குறியீடு?’ என்பதே வகுப்பில் வழக்கமாக எழும் முதல் வினா. அதற்கு விடை சொன்னதும் புதினம் முடிந்துவிடுகிறது. மாறாக, ‘இக்கதையைச் சொல்பவர் யார்?’ என்று தொடங்கினால் மாணவர் நூலுக்குள் சென்றே ஆகவேண்டும். முற்பகுதியில் தாமோதர ஆசானின் வாய்மொழி மேலோங்குகிறது. அதைக் கேட்டு வளர்ந்த இளைஞன் நமக்குச் சொல்கிறான். ஆசான் சொன்னது வரலாறா, புனைவா என்ற ஐயம் அங்கேயே பிறக்கிறது. ஆசானைச் சுற்றி அமர்ந்த இளைஞர் கூட்டம் இல்லையேல் அக்கதைகள் அவ்வளவு சுவையுடன் விரிந்திருக்குமா என்பது கேட்போரைப் பற்றிய வினா.

அடுத்து, களனும் காலமும். மரத்தைச் சூழ்ந்த குளம் தூர்க்கப்படுகிறது, காற்றாடி மரத்தோப்பு பூங்காவாகிறது, கடைத்தெரு வளர்கிறது. மன்னராட்சி போய்த் தேர்தல் வருகிறது. இங்கே இடம் வெறும் திரைச்சீலை அன்று. காலம் நடந்துசென்ற தடமே இடமாகியிருக்கிறது. நின்ற இடத்தில் நின்ற மரம் எவர்க்கும் தீங்கு செய்யவில்லை. ஆயினும் மனிதர் கையால் மடிகிறது. அந்த அழிவுக்குப் பொறுப்பாளி ஒருவர்தாமா, ஊர் முழுவதுமா? அதனை நிரப்புவது படிப்பவர் கடன், அதுவே எச்சம். இவ்வளவும் கண்டபின் மாணவர் குறியீட்டைப் பற்றி எழுதினால், அது அவருடைய சொல்லாக இருக்கும்.

வகுப்பில் இதனைச் செய்வது அரிதன்று. முதல் வாசிப்பில் உரைநூல் வேண்டா. ஒவ்வோர் இயல் முடிவிலும் ஐந்து வினாக்களுள் ஒன்றுக்கு நான்கு வரி எழுதினால் போதும். சொன்ன கருத்துக்குச் சான்றான பக்கத்தைக் காட்டவேண்டும். இருவர் மாறுபட்டால் ஆசிரியர் தீர்ப்பளிக்க விரையாமல், இருவரையும் அப்பக்கத்துக்கே திருப்பவேண்டும். பின்னர், ஒரு நிகழ்ச்சியை வேறொரு பாத்திரத்தின் கூற்றாக மாற்றி எழுதச் செய்யலாம். குரல் மாறும்போது எவையெல்லாம் இடம்பெயர்கின்றன என்பதை விரிவுரையைவிட அப்பயிற்சி நன்கு உணர்த்தும்.

பழைய இலக்கணத்தைப் புதிய வடிவத்தின்மேல் திணிப்பதாகாதா எனச் சிலர் வினவக்கூடும். ஐந்தையும் விடைகளாகத் தந்தால் திணிப்பே. கேள்விகளாகத் தந்தால் திறவுகோல். ஒரு புதினம் அவற்றுள் ஒன்றுக்கு அடங்க மறுத்தால், அம்மறுப்பையும் மாணவர் குறித்துக்கொள்ளட்டும்.

கவிஞர் பெருமக்களுக்கும் இதில் பங்குண்டு. சொல்லாமல் விட்டதைத் தேடப் பழகாத மாணவர், நாளை அவர்தம் கவிதையின் மௌனத்தையும் வெற்றிடம் என்றே கடந்துபோவர். எழுதுவோரை வளர்த்த இலக்கிய வட்டம், இனி வரும் ஆண்டுகளில் படிப்போரையும் வளர்க்குமாக!