செப்புக் காசில் மூன்று மன்னர்



உரோமக் காசு என்றவுடன் பொன்னும் வெள்ளியுமே நம் நினைவிற்கு வருகின்றன. நம் பிரேசர் டவுனுக்குச் சில கல் தொலைவிலுள்ள யசுவந்தபுரத்திலேயே 1891இல் 163 வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அடியேன் பேச எடுத்துக்கொண்டதோ எளிய செப்புக் காசு. டிக்கெட் ஜன்னலில் அமர்ந்து நாள்தோறும் சில்லறை எண்ணுபவனுக்குச் சில்லறை மீது தனிப்பற்று இருப்பது இயல்புதானே!

கரூரில் அமராவதி மணலிலும், மதுரையிலும், திருக்கோவலூரிலும் கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளின் உரோமச் செப்புக் காசுகள் கிடைத்துள்ளன. 'தினமலர்' ஆசிரியராக விளங்கிய இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் அவற்றை ஆராய்ந்து 1994இல் தனி நூலே வெளியிட்டார்.

அவற்றுள் ஒரு வகையைப் பாருங்கள். கட்டைவிரல் நகத்தளவே உள்ள அதில் மூன்று மன்னர் நிற்கின்றனர். இருவர் பெரியவர், நடுவே நிற்பவர் சிறியவர். சுற்றிலும் 'குளோரியா ரோமனோரும்', அதாவது 'உரோமரின் பெருமை', என்ற எழுத்து.

அந்தப் பெருமையின் உண்மை நிலை என்ன? 395இல் பேரரசன் தியோடோசியஸ் மறைந்தான். கிழக்கு மூத்த மகன் அர்க்கேடியஸுக்கும், மேற்கு பத்து வயது ஹொனோரியஸுக்கும் ஆயிற்று. உண்மையில் மேற்கை நடத்தியவன் படைத்தலைவன் ஸ்டிலிக்கோ. கிழக்கை நடத்தியவர் அமைச்சர். 397இல் கிழக்கு அரசவை ஸ்டிலிக்கோவை நாட்டின் பகைவன் என்றே அறிவித்துவிட்டது. 402இல், பிறந்து ஓராண்டும் நிறையாத அர்க்கேடியஸின் மகனுக்கும் பேரரசன் பட்டம் சூட்டினர். நடுவே நிற்கும் சிறியவர் அந்தக் குழந்தையே! அண்ணன் அரசவையும் தம்பி அரசவையும் பகைத்து நிற்க, கிழக்கு அக்கசாலைகள் மூவரையும் ஒற்றுமையாக நிறுத்திக் காசு அடித்தன. 410இல் அலாரிக்கின் படை உரோம் நகரையே சூறையாடியது.

பொற்காசு படைவீரருக்கும் அதிகாரிகளுக்கும் போயிற்று. செப்புக் காசே சந்தையில் கீரை விற்பவள் கைவரை சென்றது. ஆகவே அரசாங்கம் தான் நம்பவைக்க விரும்பியதை அதில்தான் பொறித்தது என்பது என் எண்ணம்.

ஆனால் கரூர்ச் சந்தையில் அவ்வெழுத்தை யார் படித்திருப்பார்? இங்கே அது வெறும் சில்லறை. இலங்கையிலோ இக்காசுகள் போதாமல், அவற்றைப் பார்த்துத் தாங்களே செய்துகொண்டனர். அவ்வாறு செய்தவற்றில் மன்னர் உருவம் குச்சி மனிதராகவும், 'உரோமரின் பெருமை' பொருளற்ற கீறல்களாகவும் காணப்படுகின்றன.