தேசப்படமும் சேனை சென்ற வழியும்

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமய சம்பந்தமல்லாத ஒரு பொருள்பற்றிப் பேசுவதற்கு இந்த மேடையிலே எனக்கு இடந்தந்தமைக்கு முதற்கண் நன்றி கூறுகின்றேன். தேசப்படப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு போர்ச் சரித்திரத்தைக் கற்பது எவ்வாறு என்பதே நான் எடுத்துக்கொண்ட விஷயம். இதனைக் காரியதரிசி அவர்களிடம் சொன்னபோது அருகிலிருந்த பெரியவர் ஒருவர், "இந்த ஊரிலை இருந்துகொண்டு இன்னும் யுத்தப் படம் பார்க்க வேணுமோ தம்பி?" என்று கேட்டார். அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. அதனை மனத்தில் வைத்துக்கொண்டே இப்பேச்சை ஆயத்தஞ் செய்தேன்.

நான் படித்தது ஒரு மிஷன் பாடசாலையில். வேதாகம பாட நேரத்திலே சைவப் பிள்ளைகளாகிய நாங்களும் வகுப்பில் இருப்போம். புத்தகத்தின் கடைசியிலே வர்ணப் படங்கள் சில இருந்தன: இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் போன வழி, பவுலின் கப்பற் பிரயாணங்கள். ஆசிரியர் வசனத்தை விளக்கிக்கொண்டிருக்க, நான் அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்துக் கடல் தாண்டிக்கொண்டிருப்பேன். தேசப்படத்தின் மேல் எனக்கு உண்டான ஆசை அங்கே தொடங்கியது. ஆனால் சரித்திர வகுப்பிலே அந்த ஆசைக்கு வேலை இருக்கவில்லை. சரித்திரத்துக்கு ஒரு புத்தகம், பூமிசாத்திரத்துக்கு வேறொரு புத்தகம்; இரண்டையும் ஒரே மேசையில் விரித்து வைப்பார் எவருமில்லை. 1812இலே நெப்போலியன் இரஷ்யாவின் மேற் படையெடுத்தான், மொஸ்கோவைப் பிடித்தான், பனியினால் தோற்றான் என்று மூன்று வரி எழுதிப் புள்ளிகளும் பெற்றேன். அம்மூன்று வரிகளில் மூன்றாவது பெரும்பாலும் பிழை என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்தேன்.

பிழை எங்கே தொடங்கியதென்றால், படப் புத்தகத்தின் பக்க அளவிலேதான். நமது இலங்கைக்கு ஒரு முழுப் பக்கம். இரஷ்யாவுக்கும் ஒரு முழுப் பக்கம். இரண்டும் ஒரே பருமன் என்று கண் நம்பிவிடுகின்றது. பக்கத்தின் அடியிலுள்ள சிறிய அளவுகோலைப் பார்ப்பவர் சிலரே. ஒரு நூற்றுண்டை எடுத்து முதலில் நமது தீவை அளந்து பாருங்கள். பருத்தித்துறை முதல் தேவேந்திரமுனை வரை ஏறக்குறைய 270 மைல். இனி நெப்போலியன் தாண்டிய நீமன் ஆற்றங்கரையிலுள்ள கொவ்னோவிலிருந்து மொஸ்கோ வரை அளவுங்கள். கொவ்னோ இப்போது லிதுவேனியாவிலே கௌனஸ் என்ற பெயரோடு இருக்கின்றது. பழைய பெயரைத் தேடினால் புதிய படத்தில் அகப்படாது. நேர்கோட்டிலே அது 500 மைலுக்கு மேல். அதாவது நமது தீவின் நீளத்தைப்போல் இருமடங்கு. நேர்கோட்டில் எந்தச் சேனையும் நடப்பதில்லை. நூலை வழியோடு வளைத்து வைத்தால் இன்னும் நீளும். போன வழியே திரும்பியும் வரவேண்டும்.

புராண படனமும் பாரதக் கதையும் கேட்டு வளர்ந்த நமக்குப் போர் என்றவுடன் தேரும் வில்லும் வீரனுமே கண்முன் வருகின்றன. அத்தனை அக்குரோணி சேனைக்கும் சோறு எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. ஆனால் சங்கப் புலவர் அதனை மறக்கவில்லை. பாரதப் போரிலே இரு படைக்கும் சோறளித்தான் என்று போற்றி ஒரு சேர மன்னனுக்குப் பெருஞ்சோற்று உதியஞ் சேரலாதன் என்று பெயரே வழங்கியது. அம்பு எய்தவர் பலர். சோற்றினாற் பெயர் பெற்றவன் அவன் ஒருவனே. படையெடுப்பைப் படத்திலே படிக்கும்போது அவனையே நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இனி இரஷ்யாவின் படத்தை விரிப்போம். வர்ணத்தைப் பாருங்கள், பெரும்பாலும் பச்சை. மலையென்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. மலையில்லாத நாட்டைப் பிடிப்பது சுலபம் என்று தோன்றும். ஆறுகளைப் பார்த்தாற்றான் விஷயம் விளங்கும். மேற்குத் துவினா வடமேற்காக ஓடி இரீகா நகரருகே போல்டிக் கடலில் விழுகின்றது. நீப்பர் ஆறு தெற்கே திரும்பிக் கருங்கடலை அடைகின்றது. இவ்விரண்டும் தத்தம் திசையில் விலகுமுன், வித்தெப்ஸ்க், ஓர்ஷா என்னும் ஊர்களுக்கிடையே 50 மைலளவான நிலம் ஒரு வாசல்போலக் கிடக்கின்றது. அந்த வாசலுக்கு அப்பால் ஸ்மொலென்ஸ்க்; அதற்கப்பால் மொஸ்கோ. தெற்கே பிரிப்பெத் சதுப்பு நிலம் சேனை எதனையும் விழுங்கத்தக்கது. ஆகவே பெரும் படையொன்று மேற்கிலிருந்து வருமானால் அது இந்த வாசலால் வந்தேயாகவேண்டும். பின்வாங்கிக்கொண்டிருந்த இரஷ்யத் தளபதிகளான பார்க்லே டி டோலியும் பக்ராத்தியோனும் பிரிந்திருந்த தம் படைகளை ஸ்மொலென்ஸ்கிலே ஒன்றுசேர்த்ததும் தற்செயலன்று. இதைப் புத்தகத்தில் வாசித்தபோது நான் மனனஞ் செய்தேன். படத்தில் பார்த்தபோதுதான் அறிந்தேன்.

1812 ஜூன் 24இலே நீமனைத் தாண்டிய சேனை, ஆகஸ்ட் நடுவில் ஸ்மொலென்ஸ்கிலும், செப்டெம்பர் 7இலே பொரடினோவிலும் போர் செய்து, செப்டெம்பர் 14இலே மொஸ்கோவுள் நுழைந்தது. இத்திகதிகளைப் படத்தின்மேல் பென்சிலாற் குறித்துப் பாருங்கள். எல்லாம் கோடை, பனியே இல்லை. ஆனால் சேனையோ ஏற்கெனவே பாதிக்கு மேற் கரைந்துவிட்டது. வெயிலும், மழைச் சேறும், வயிற்றுநோயும், பச்சைப் புல்லைத் தின்று மாண்ட குதிரைகளுமே அதற்குக் காரணம். குதிரை செத்தால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் மாவு வராது. நகரமோ மக்கள் பெரும்பாலோர் வெளியேறியபின் வெறிதாய்க் கிடந்து, அன்றிரவே எரியத் தொடங்கியது. ஐந்து வாரம் காத்திருந்து, சமாதானம் கேட்டு எவரும் வராமையால், அக்டோபர் 19இலே நெப்போலியன் திரும்பினான்.

திரும்பிய வழிதான் படத்திலே மிகவும் கவனிக்கத்தக்கது. அவன் வந்த வழியாற் போக விரும்பவில்லை. தென்மேற்கே கலூகாப் பக்கம் சேனை மிதியாத நாடு. தானியமும் வைக்கோலும் உண்டு. அங்கே போகும் வழியில் மலோயரஸ்லாவெட்ஸ் என்னும் சிற்றூரிலே அக்டோபர் 24இல் குத்தூசோவின் படை மறித்தது. அன்று ஊர் பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டது; ஆயினும் வழி அகப்படவில்லை. சேனை மீண்டும் பழைய ஸ்மொலென்ஸ்க் வீதிக்கே திரும்பிற்று. அது தானே தின்று தீர்த்த வீதி. பொரடினோவிலே அடக்கஞ் செய்யப்படாத பிணங்களின் நடுவே அவர்கள் மறுபடி நடந்தார்கள். பாடப் புத்தகங்கள் பல மலோயரஸ்லாவெட்ஸின் பெயரையே சொல்வதில்லை. எனது எண்ணத்தில் பொரடினோவைக் காட்டிலும் அச்சிற்றூரிலேதான் அப்படையெடுப்பின் முடிவு எழுதப்பட்டது. பனி வந்தது அதன் பின்பே.

பெரெசினா என்னும் ஆறு நீப்பரின் கிளை. பாடசாலைப் படத்திலே தலைமயிர்போன்ற ஒரு நீலக்கோடு, பெயர்கூடப் போட்டிருக்கமாட்டார்கள். பொரிசோவ் ஊரின் பாலத்தை இரஷ்யர் அழித்துவிட்டனர். ஆறு உறைந்திருந்தால் நடந்து கடந்திருக்கலாம். ஆனால் அந்நாட்களிலே குளிர் சற்றுத் தணிந்து பனிக்கட்டி உருகி மிதந்துகொண்டிருந்தது. குளிர் கெடுத்தது என்று எழுதுகின்ற நாம் இங்கே குளிர் குறைந்ததே கெடுத்தது என்பதையும் எழுதவேண்டும். ஸ்துதியங்கா என்னும் கிராமத்தருகே ஜெனரல் எப்ளேயின் பாலம் கட்டுவோர், வீடுகளைப் பிரித்த மரத்தைக்கொண்டு நெஞ்சளவு நீரில் நின்று இரு பாலங்கள் கட்டினர். அவருட் பெரும்பாலோர் பிழைக்கவில்லை; எப்ளேயும் அவ்வாண்டு முடியுமுன் இறந்தார். நவம்பர் 29 காலையிலே, எதிரி பின்தொடராதபடி, அப்பாலங்களுக்குத் தீயிடப்பட்டது. சேனையின் பின்னே வந்த ஆயிரக்கணக்கானோர், பெண்களும் பிள்ளைகளும் உட்பட, அக்கரையிலே நின்றுவிட்டனர்.

இவ்வளவையும் ஒரே தாளிலே வரைந்தவர் ஷார்ல் ஜோசப் மினார் என்னும் பிரெஞ்சு எந்திரி. 1869இலே, தமது 88ஆவது வயதில் அப்படத்தை வெளியிட்டார். அதில் அம்புக்குறியில்லை; வாளில்லை; நெப்போலியனின் உருவமுமில்லை. ஒரு பட்டை மாத்திரமே. பதினாயிரம் பேருக்கு ஒரு மில்லிமீட்டர் அகலம். நீமனருகே 422,000 பேருக்குரிய அகலத்தோடு தொடங்கி, மொஸ்கோவிலே 100,000 ஆகின்றது. இடைவழியில் பிரிந்துசென்ற பிரிவுகளையும் தனிக் கிளைகளாகக் காட்டுகின்றார். திரும்பும் பட்டை கறுப்பு. பெரெசினாவருகே 50,000 ஆக வந்தது 28,000 ஆகின்றது. நீமனை மீண்டும் அடைவது 10,000. கீழே குளிரின் அளவையும் குறித்துள்ளார். அடுத்த ஆண்டு பிரெஞ்சு நாட்டின் மேல் பிரஷ்யப் படை வந்தது. மினார் பாரிஸ் நகரத்தை விட்டு இடம்பெயர்ந்து போர்தோ நகருக்குச் சென்று அங்கேயே உயிர்நீத்தார். இதனை வாசித்தபோது அவர் நமது ஊரவர்போலத் தோன்றினார்.

தூரதேசத்துக் கதையே சொல்கின்றான் என்று நினையாதீர்கள். இலங்கைப் பக்கத்தையும் புரட்டுவோம். 1803ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் கண்டியின் மேற் படையெடுத்தனர். மக்டவல் என்பவர் கொழும்பிலிருந்தும், பார்பட் என்பவர் திருகோணமலையிலிருந்தும் புறப்பட்டனர். பெப்ரவரியிலே இரு படையும் கண்டியை அடைந்தபோது அங்கே மக்களில்லை; நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. மொஸ்கோவுக்கு ஒன்பது ஆண்டு முந்தியே கண்டி அந்தப் பாடத்தைக் கற்பித்துவிட்டது. மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் காட்டுக்குள் விலகியிருந்தான்; அவனுக்குப் பதிலாக முத்துசாமி என்பவரை ஆங்கிலேயர் சிங்காசனத்தில் அமர்த்தினர். பின்னர் காய்ச்சல் வந்தது.

படத்திலே மகாவலி கங்கையைப் பாருங்கள். கண்டி நகரை அது மூன்று பக்கமும் வளைத்து ஓடுகின்றது. உள்ளே வந்தவனுக்கு அது கோட்டை மதில். உள்ளே அகப்பட்டவனுக்கு அதுவே சிறைமதில். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டிலே மழையைக் கொட்டுங் காலம். அம்மாதம் 24இலே மேஜர் டேவி சரணடைந்து, மிஞ்சிய ஆட்களோடு திருகோணமலைக்குப் போகப் புறப்பட்டார். ஆறு பெருகி நின்றது, தோணியில்லை. அவ்வாற்றங்கரையிலே முத்துசாமி ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார், படைஞரும் கொல்லப்பட்டனர். மாதத்தையும் மழையையும் ஆற்றின் வளைவையும் ஒன்றாக வைத்துப் பார்த்திருந்தால் அந்த முடிவைப் பெப்ரவரியிலேயே ஊகித்திருக்கலாம். 1815இலே எட்டுப் பிரிவாகப் பல வழிகளால் வந்தவர்கள் மழைக்கு முன்னரே காரியத்தை முடித்துவிட்டனர் என்பதையும் திகதியோடு பாருங்கள்.

தேசப்படம் சொல்லாதனவும் உண்டு. அது சேற்றைக் காட்டாது, பசியைக் காட்டாது. சரித்திரப் படங்களில் வரும் அம்புக்குறியை நான் நம்புவதில்லை. அது எப்போதும் மொத்தமாகவும் கூராகவும் முன்னே போகின்றது. அதன் கீழே எந்த ஊர் இருந்தது என்று சொல்வதில்லை. 2009இலே எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகள் நாங்கள். வன்னியின் படத்தில் அத்தகைய அம்புகளைப் பத்திரிகையிலே பார்த்திருக்கின்றோம். மினாரின் பட்டையிலும் ஒரு குறையுண்டு: அது சேனையை எண்ணியது, வழியிலிருந்த குடியானவரை எண்ணவில்லை.

கேள்வி கேட்ட பெரியவரிடம் சென்ற வாரம் இப்புத்தகத்தைக் கொண்டுபோனேன். பெரெசினாப் பாலத்தின் கதையை நான் சொல்லிக்கொண்டிருக்கையில் அவர் இடைமறித்து, "எங்கடை பக்கத்தை எடு தம்பி" என்றார். எடுத்தேன். 1995 அக்டோபர் 30இலே வலிகாமத்து மக்கள் மழைக்குள்ளே தென்மராட்சிக்குப் பெயர்ந்த வழியிலே அவர் விரலை வைத்தார். நாவற்குழிப் பாலம் அப்படத்திலே இல்லை. அந்த அளவிலே அது ஒரு புள்ளிக்குங் காணாது. யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரி வரை நூல் பிடித்தேன். ஏறக்குறைய 10 மைல். "ஓர் இரவும் மறுநாட் பகலும் எடுத்தது. தாயைச் சைக்கிளிலை வைச்சு உருட்டினனான்" என்றார். பின்பு என் பென்சிலை வாங்கிப் பாலமிருக்குமிடத்தில் ஒரு புள்ளி வைத்து, இரஷ்யப் பக்கத்தை மறுபடி விரிக்கச் சொல்லி, மிச்சக் கதையையும் கேட்டார்.

அந்தப் படப் புத்தகம் நமது வாசிகசாலையிலே இருக்கின்றது. நூற்றுண்டும் அதனுள்ளேயே உண்டு. 1804இலே கப்டன் ஜோன்ஸ்டன் என்பவர் மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குப் போய்த் திருகோணமலைக்குப் போரிட்டு மீண்ட வழியை அடுத்ததாக அளந்து பார்க்க எண்ணியிருக்கின்றேன். சனிக்கிழமை மாலைகளில் உடனிருந்து பார்க்க விரும்புவோர் வரலாம். பென்சில் கொண்டுவருவோர் மெதுவாக எழுதும்படி கேட்டுக்கொள்கின்றேன், தாள் பழையது.